எழுத்துகளின் வரிசை: கரிசல் காட்டிலிருந்து சில குறிப்புகள்

அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் நூலகம் ஒன்றில், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பங்கு, பஞ்சு, பண்டம், பந்து, பம்பரம், பன்றி ஆகிய ஆறு சொற்களைக் கலைத்துப் போட்டு, அகரவரிசையில் அடுக்கச் சொல்லும் கேள்வி. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவரும் தலைப்பு இது. அவர் பன்றியைப் பண்டத்துக்கு முன்னால் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு சுழிக்குப் பிறகுதானே அண்ணாச்சி மூணு சுழி?" என்றார்.

சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு தருக்கம் இருந்தது. எழுத்துக்கு நாம் சூட்டிய பெயரை அவர் நம்பினார். இரண்டுக்குப் பின் மூன்று வருவதுதானே முறை? பட்டம் பெற்றவர், தினமும் செய்தித்தாள் வாசிப்பவர். ஏழு வயதில் கைக்கு வந்திருக்க வேண்டிய ஒன்றை இருபத்திநான்கு வயதில், வேலைக்காக, மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தவறு அவருடையதா, பெயர் வைத்தவர்களுடையதா என்ற கேள்வியோடுதான் அன்று திருச்சுழிப் பேருந்தில் ஏறினேன். (ஊர்ப் பெயரிலேயே ஒரு சுழி இருப்பது வழியில்தான் உறைத்தது. ஊழி வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிய இடம் என்பது தலபுராணம். சுந்தரர் பாடிய தலம்.)

அந்த ஆறு சொற்களை மீண்டும் பாருங்கள். ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற. ஆறு மெல்லினமும் தத்தம் வல்லினத்தோடு கைகோத்து நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கில் இந்த இணைகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று செல்லும் வரிசை தொண்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, நா படும் இடங்களைக் கடந்து, இதழில் வந்து முடிகிறது. ற ன என்ற இணை மட்டும் கடைசியில் தனியே நிற்கிறது. பிராமி எழுத்துமுறையின் பொது வரிசையோடு ஒத்தவற்றை முதலில் வைத்து, தமிழுக்குச் சிறப்பான ழ, ற, ன ஆகியவற்றை இறுதியில் சேர்த்ததன் விளைவு இது என்பார்கள். தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகள் என்று வரையறுத்துவிடுகிறது. நன்னூலார் ஒரு படி மேலே போய், எழுத்துகள் ஏன் இந்த முறையில் நிற்கின்றன என்பதற்குச் சிறப்பும் இனமும் காரணம் என்கிறார். வரிசைக்கே காரணம் கேட்ட இலக்கணம் நம்முடையது.

இதை உலகத்தின் பிற வரிசைகளோடு ஒப்பிட்டால்தான் அருமை தெரியும். இன்றைய ஆங்கில ஏ, பி, சி வரிசையின் மூதாதை, சிரியாவின் கடற்கரையில் உகாரித் என்ற நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. எழுத்துகளை வரிசையாக மட்டும் எழுதிய பயிற்சிப் பலகைகள் அவை. அந்த வரிசைக்கு இன்றுவரை யாராலும் ஒப்புக்கொள்ளத்தக்க காரணம் சொல்ல முடியவில்லை. ஏ-வுக்குப் பின் பி வருவதற்கு வழக்கத்தைத் தவிர வேறு நியாயம் இல்லை. ககரத்துக்குப் பின் ஙகரம் வருவதற்கு நம் வாயே சாட்சி.

பழைய ஆசிரியர்கள் எழுத்துக்கு வைத்த பெயர்கள் இந்தச் சாட்சியத்தைச் சேமித்து வைத்திருந்தன. ண என்பது டண்ணகரம். ந என்பது தந்நகரம். ன என்பது றன்னகரம். டகரத்தை அடுத்து நிற்பது, தகரத்தை அடுத்து நிற்பது, றகரத்தை அடுத்து நிற்பது என்று அந்த எழுத்தின் முகவரி பெயரிலேயே இருக்கிறது. வரிசை தெரிந்த பிள்ளைக்கு எழுத்துப்பிழையும் வராது. வண்டியில் டகரத்துக்கு முன் எந்த ணகரம், கன்றில் றகரத்துக்கு முன் எந்த னகரம் என்று அது தயங்க வேண்டியதில்லை. இந்தப் பெயர்களைக் கைவிட்டு இரண்டு சுழி, மூன்று சுழி என்று வடிவத்தை எண்ணத் தொடங்கியபோது, முகவரியைக் கிழித்துவிட்டு ஆளின் மச்சத்தைக் குறித்துக்கொண்டோம். சின்ன ர, பெரிய ற என்பதும் அப்படித்தான். இடையினம், வல்லினம் என்ற வேறுபாடு அளவு வேறுபாடாகச் சுருங்கிவிட்டது.

வடிவம் மாறும் என்பதற்கு இந்தச் சீமையிலேயே சான்று உண்டு. திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் என்ற ஊரில் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்று தமிழ் எழுத்து நன்றாகத் தெரிந்த ஒருவர் அதன் முன் நின்றால் ஓரெழுத்தும் பிடிபடாது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசன் பாண்டிய நாட்டை வென்ற பிறகு, வட்டெழுத்து மெல்ல ஒதுங்கி, இன்றைய எழுத்தின் மூதாதை இங்கே வந்தமர்ந்தது. ஒரு நாட்டின் எழுத்து வடிவம் முழுமையாக மாறிய நிகழ்ச்சி அது. பின்னர் வீரமாமுனிவர் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு செய்தார். 1978இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, றா, னா முதலியவற்றின் உருவை மாற்றியது. இத்தனை மாற்றத்திலும் வரிசையில் யாரும் கை வைக்கவில்லை. சுழியை நம்பியவர் ஏமாறலாம், வரிசையை நம்பியவர் ஏமாறமாட்டார்.

இந்த வரிசை பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அது முதலில் செவிக்குரியது, பிறகு விரலுக்குரியது, கண்ணுக்கு வருவது கடைசியில்தான். விசயதசமியன்று அரிசியிலோ நெல்லிலோ விரலைப் பிடித்து எழுதுவித்துத் தொடங்குவார்கள். தொடக்க வாழ்த்து 'அரி நமோத்து சிந்தம்' என்பது. 'சித்தர்க்கு வணக்கம்' என்ற சமணத் தொடரின் தேய்ந்த உருவம் இது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அரிச்சுவடி என்ற பெயரே அந்த 'அரி'யிலிருந்து வந்தது என்பாரும் உளர். அருப்புக்கோட்டை வட்டத்துக் கோவிலாங்குளத்தில் வானம் பார்த்து அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களைக் கண்டவர்களுக்கு, சமணம் இந்த வறண்ட நிலத்திலும் வாழ்ந்தது என்பது புதுச் செய்தியாகாது. பள்ளி என்ற சொல்லே அவர்கள் விட்டுச் சென்றதுதான். சைவ, வைணவப் பிள்ளைகள் பொருள் தெரியாமலேயே பல நூற்றாண்டுகள் அந்த வணக்கத்தைச் சொல்லி எழுத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பிறகு மணல். ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ எழுத்தின் பெயரை ஓங்கிச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லியபடி ஆள்காட்டி விரலால் மணலில் எழுதுவார்கள். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று இழுத்துச் சொல்லும் அந்த ஓசையில் எழுத்தும் தாளமும் ஒன்றாகிவிடும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி முடிந்தால் எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், அதற்குமேல் நிகண்டு.

இந்த மணல் இங்கிலாந்துவரை போனது. சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் இல்லத்தின் கடைசி வகுப்புக்கு, அதாவது எழுத்து வரிசை படிக்கும் வகுப்புக்கு, அதைக் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே அந்த வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அது பலித்தது. 1797இல் இலண்டனில் வெளியான அவருடைய அறிக்கையிலிருந்து 'மதராஸ் முறை' பரவியது. இலங்காஸ்டரின் பள்ளியிலும் மணல் தட்டுகள் வந்தன. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஏ, பி, சி-யை நம் திண்ணை மணலில் எழுதிக் கற்றார்கள் என்று சொன்னால் மிகையன்று. இதைப் பெருமையாகச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. பெருமையோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால், பாட்டு ஒருவழிப் பாதை. பாடிப் படித்த பிள்ளைக்கு வரிசை முன்னோக்கி மட்டுமே ஓடும். ழகரத்துக்கு முன்னால் எது என்று கேட்டால், அது ககரத்திலிருந்து தொடங்கி மூச்சு விடாமல் ஓடிவந்து, வகரத்தில் இடறி நிற்கும். வரிசையை ஒப்பிக்கத் தெரிவது வேறு, வரிசையில் ஒன்றைத் தேடி எடுக்கத் தெரிவது வேறு. திண்ணையில் இரண்டாவதற்குத் தேவையே இருக்கவில்லை. தேடி எடுக்க வேண்டிய நூல்கள் இல்லை, எல்லாம் மனத்தில் இருந்தன. ஆத்திசூடியின் அடிகள் அகரவரிசையில் நிற்பது மறக்காமலிருப்பதற்காக. அடுத்த எழுத்தே அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும். ஙகரத்தில் தொடங்கும் சொல் வழக்கில் இல்லாதபோது, அந்த எழுத்தையே சொல்லாக்கி ஓரடி பாடி ஔவை வரிசையைக் காப்பாற்றினார். வரிசை அங்கே நினைவின் கயிறு.

சொற்பொருள் நூல்களும் அப்படியே. திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையால் பகுக்கப்பட்டவை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லின் பல பொருள்களைச் சொல்வது. அது எதுகை வரிசையில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டது. இன்றைய அகராதி பழகிய நமக்கு வினோதமாகத் தோன்றும் இந்த அமைப்பு, செய்யுளில் எதுகை தேடுபவனுக்கு மிக வசதியானது. திண்ணைப் பிள்ளைகள் அதை முழுதாக நெட்டுருச் செய்தார்கள். சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் செய்த அகராதி நிகண்டில்தான் முதலெழுத்து வரிசை சொற்களுக்கு வருகிறது. அகரம், ஆதி என்ற இரு சொற்களின் கூட்டு பின்னர் ஒரு நூல்வகைக்கே பெயராகிவிட்டது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை உரைநடையில் அமைத்தார். செய்யுளிலிருந்து சொல் விடுபட்டதும் மனப்பாடம் பயனற்றுப் போகிறது, தேடும் விரல் தேவைப்படுகிறது. பாட்டாக இருந்த வரிசை திறவுகோலாக மாறிய இடம் இதுவே.

இந்த மாற்றத்தின் பெரிய வேலை ஒன்று அருப்புக்கோட்டைச் சீமைக்காரர் ஒருவரின் ஆதரவில் நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் பாலவநத்தம் இருக்கிறது. அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867–1911). சொற்பொழிவுக்காக மதுரை போனவர், திருக்குறளும் கம்பராமாயணமும் அங்கே கைக்குக் கிடைக்காதது கண்டு வருந்தியதே 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றக் காரணம் என்று சொல்வதுண்டு. அந்தச் சங்கத்தின் வழியாக இரண்டு பெருநூல்கள் வந்தன. ஒன்று, சென்னைப் பள்ளியாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, 1910. மற்றது, யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளையின் தமிழ்ச் சொல்லகராதி. அதே 1910 தொடங்கி மூன்று பாகங்களாக வந்தது. புராணப் பாத்திரமும் புலவரும் மரமும் நோயும் அகரவரிசை என்ற ஒரே நூலில் கோக்கப்பட்டுத் தமிழ் வாசகனுக்குக் கிடைத்தது அபிதான சிந்தாமணியில்தான். குருவின் நினைவிலிருந்து மட்டுமே எடுக்க முடிந்ததை இனி எழுத்து வரிசை தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலை பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில், 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களாக விரிந்தது.

பாலவநத்தத்துக்குக் கிழக்கே, அருப்புக்கோட்டையைக் கடந்து, குண்டாற்றங்கரையில் திருச்சுழி. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே வக்கீல் சுந்தரம் ஐயரின் வீட்டில் பிறந்த வேங்கடராமன் தொடக்கக் கல்வியை அவ்வூரிலேயே பெற்றார். பின்னர் திண்டுக்கல், அப்புறம் மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் பெரிய ஆர்வம் இல்லாத, ஆனால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் நினைவாற்றல் கொண்ட மாணவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1896இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலை போனார். விருபாட்சி குகையில் வாழ்ந்த ஆண்டுகளில், பிச்சைக்குச் செல்லும் அடியவர்கள் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்டபோது ரமணர் இயற்றியது அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகள், அகரவரிசையில்.

ஆன்மிக விளக்கம் எனக்கு இங்கே நோக்கமன்று. அதற்குரியவர்கள் வேறு. எனக்கு வியப்பளிப்பது வடிவம். எல்லாவற்றையும் துறந்த ஒருவர், கணக்குப் புத்தகத்தையும் குடும்பப் பெயரையும் விட்டுவந்த ஒருவர், ஆனா ஆவன்னாவைத் துறக்கவில்லை. வருக்கமாலை, வருக்கக் கோவை என்று அகரவரிசையில் பாடும் சிற்றிலக்கிய மரபு தமிழுக்கு உண்டு. எபிரேய மொழியில் 119ஆம் சங்கீதம் இருபத்திரண்டு எழுத்துகளுக்கும் எட்டு எட்டு வசனங்களாக 176 வசனங்களில் ஓடுகிறது. ஒன்றையும் விட்டுவிடாமல் முழுமையாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவை எழுத்து வரிசை தருகிறது போலும். தெருவில் நடந்து பிச்சையெடுக்கும்போது புத்தகம் கையில் வைத்திருக்க முடியாது. அடுத்த கண்ணி எது என்பதை எழுத்தே சொல்லிவிட வேண்டும். திண்ணைப் பள்ளியின் பழைய கயிறு மலைமேலும் பயன்பட்டது.

ஆக, ஒரு சீமையின் ஒரு முனையில் பாட்டாக வரிசை, மறு முனையில் திறவுகோலாக வரிசை. இரண்டுக்கும் நடுவே கரிசல் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மழையை நம்பி விளையும் நிலம். அங்கே வாழ்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டில் ஏதாவது ஒன்று கிடைத்தது?

தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 1826இல் அவர் எழுதிய குறிப்பில் இருக்கின்றன. சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள். மாணவர் 1,88,650. அதில் பெண் பிள்ளைகள் 4,540. திண்ணைகள் நிறைய இருந்தன, ஆனால் திண்ணையில் ஏற எல்லோருக்கும் அனுமதி இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அந்த மணல் எட்டாதது. நாடார்கள் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட காலம். திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 1897இல் அவர்கள் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பாலவநத்தத்தாரின் ஆதரவில் அபிதான சிந்தாமணி அச்சேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சிலருக்குப் பிடிக்காமலிருக்கலாம். ஆனால் ஒரே மண்ணில், ஒரே பத்தாண்டில் நடந்தவை.

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் நாடார் உறவின்முறைகள் வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் பிடித்த மகமைப் பணம், கோயிலுக்கும் கிணற்றுக்கும் போனதைப் போலவே பள்ளிக்கும் போனது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தோன்றியது. வீடு வீடாகப் பிடியரிசி தண்டி நடத்தியதால் அதைப் பிடியரிசிப் பள்ளி என்றே அழைத்தார்கள். அங்கே படித்து, தந்தை இறந்தபின் ஆறாம் வகுப்போடு நின்ற ஒருவர் 1954இல் முதலமைச்சரானார். முந்தைய ஆண்டு இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். காமராசரைப் பற்றிய புகழுரைகளில் இது தேய்ந்த செய்தி. ஆனால் அகரவரிசையின் வரலாற்றில் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவுக்குச் சமமாக நான் வைப்பது இதைத்தான். பசித்த பிள்ளை ஙகரத்தைத் தாண்டாது.

எல்லோரும் உள்ளே வந்த பிறகு, கற்பிக்கும் முறை மாறியது. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு 247 எழுத்தை ஒப்பித்த பிறகே சொல் என்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று கல்வியாளர்கள் கண்டார்கள். ட, ப, ம என்று நேர்கோட்டு வடிவங்களில் தொடங்கி, உடனே படம், பட்டம், மடம் என்று சொல்லுக்குப் போகும் முறை வந்தது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் பெரியவர்களுக்கான பாடமும் அனாவில் தொடங்கவில்லை. பட்டா, படி என்று தொடங்கியது. நிலமற்றவருக்கும் நிலத்தை இழந்தவருக்கும் பட்டா என்ற சொல் எத்தனை கனமானது என்பதைக் கரிசல் காட்டில் விளக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்தைப் பழைமைவாதிகள் குறை சொல்லும்போது நான் அவர்களோடு சேரமாட்டேன். அது சரியான முடிவு. லட்சக்கணக்கானோர் அதனால் வாசித்தார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வரிசையைத் தொடக்கத்திலிருந்து எடுத்தவர்கள், அதைப் பின்னர் எங்கே திரும்ப வைப்பது என்று யோசிக்கவில்லை. வகுப்பறைச் சுவரில் எழுத்து அட்டவணை தொங்குகிறது, ஒப்பித்தலும் நடக்கிறது. ட-வுக்குப் பக்கத்தில் ண ஏன் நிற்கிறது என்று சொல்வாரில்லை. அகராதியைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தேடச் சொல்வார் அதனினும் குறைவு. பாட்டாக இருந்த வரிசையின் ஓசை போயிற்று, திறவுகோலாக இருக்க வேண்டிய வரிசையின் பயனும் வரவில்லை. எஞ்சியது தேர்வுத்தாளின் ஒரு மதிப்பெண்.

கணினி வந்துவிட்டது, இனி வரிசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கணினிக்கும் ஒருவர் வரிசை சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதை அவர்கள் அறியார்கள். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது தேவநாகரியை ஒட்டிய அட்டவணையைப் பின்பற்றினார்கள். அதனால் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று குறியெண்கள் அமைந்தன. மயில், மரம், மலை, மழை, மறை, மனம் என்று நிற்க வேண்டிய சொற்களைக் குறியெண்படி மட்டும் அடுக்கினால் மனம், மயில், மரம், மறை, மலை, மழை என்று வரும். புள்ளியின் எண் கடைசியில் இருப்பதால், அகராதியில் முன்னால் நிற்கும் அக்கம், அகத்துக்குப் பின்னால் போய்விடும். பின்னர் இதைச் சரிசெய்யும் தனி விதிகள் எழுதப்பட்டன. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு, நெடுங்கணக்கு முறையில் அமைந்த பதினாறு பிட் தமிழ்க் குறிமுறை ஒன்றையும் தரமாக அறிவித்தது. ஆயினும், விதிகளைப் பயன்படுத்தாத மென்பொருள்களில் இன்றும் பெயர்ப்பட்டியல்கள் குழம்பி வருவதைக் காணலாம். நம் இளைஞரைப் போலவே கணினியும் எழுத்தின் எண்ணை நம்பி ஏமாறுகிறது.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளிக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, வேப்பமரத்தடியில் அகரவரிசையில் நிற்கச் சொன்னார். பத்தொன்பது பிள்ளைகள். முதல் எழுத்து ஒன்றாக இருந்தவர்கள் தங்களுக்குள் இரண்டாம் எழுத்தைப் பார்த்துக்கொண்டார்கள். முத்துவில் தொடங்கிய மூன்று பையன்கள் மட்டும் நான்காம் எழுத்துவரை போய்ச் சண்டையிட்டார்கள். பாடிப் பார்ப்பவர்களும் இருந்தார்கள். ஒரு பையன் கானா ஙானா சொல்லியபடியே வரிசையின் ஓரமாக நடந்து, தன் எழுத்து வந்ததும் உள்ளே புகுந்துகொண்டான். திண்ணைப் பாட்டும் அகராதியின் தேடலும் ஒரே மரத்தடியில் நடந்துகொண்டிருந்தன.

ஜகரத்தில் தொடங்கும் பெயருடைய ஒரு சிறுமிக்கு இடம் கிடைக்கவில்லை. சகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். சுவரட்டையின் பதினெட்டில் அவள் எழுத்து இல்லை. டீச்சரைப் பார்த்தாள். கிரந்த எழுத்துகளை அகராதிகள் பெரும்பாலும் கடைசியில் வைக்கும் என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. "நீ கடைசியில நில்லும்மா" என்றார்.

"எனக்கு ஏன் டீச்சர் கடைசி?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வகுப்புக்குள் போய், அட்டை கிழிந்த ஒரு பழைய தமிழ் அகராதியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்து, "உன் எழுத்து எங்க இருக்குன்னு நீயே தேடிச் சொல்லு" என்றார். வரிசை கலைந்தது. பத்தொன்பது பேரும் அந்த ஒரு புத்தகத்தைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முதலில் சகரத்தின் பக்கங்களைப் புரட்டினாள். அங்கே இல்லை. ஒவ்வோர் எழுத்தாக வகரம்வரை போனாள். நாங்கள் பேருந்துக்குக் கிளம்பும்போது கடைசித் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.